ஆக்னஸ் பெல்லமியின் நாலாவது பிள்ளை

தூத்துக்குடி பழைய துறைமுகம் பக்கம் ஜெயஷீலா டீச்சர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். நேரே போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆக்னஸ் பெல்லமி என்ற பேரை எடுத்தால், பேசிக்கொண்டிருக்கிறவள் சட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள் கணவர் கிருபாநிதிதான் வெளியே வந்து, "காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்பார்.

கிருபாநிதி சொன்னதையும், வேம்பாரில் விசாரித்ததையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. இதில் இருட்டு கிடையாது, நாய் ஊளையிடுவது கிடையாது. நடந்ததெல்லாம் பட்டப்பகலில். கண் கூசுகிற வெயிலில்.

ஜெயஷீலா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு வேலையை விட்டாள். சத்தம் போட்டுப் பேசத் தேவையில்லாத வேலை ஒன்று தானாக வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுக்கும் வேலை. 'எங்கள் தாத்தாவின் தாத்தா உங்கள் ஊரில் அதிகாரியாக இருந்தாராம், எங்கே புதைத்திருக்கிறார்கள்?' என்று அவர்கள் எழுதுவார்கள். இவள் கோயில் பதிவேட்டைப் புரட்டுவாள். கல்லறை எழுத்தைத் தேய்த்துப் படிப்பாள். படம் எடுத்து அனுப்புவாள்.

இந்த வேலைக்கு வேண்டிய குணம் அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது. சந்தேகம். காய்கறிக்காரி நிறுத்துக் கொடுத்ததை வீட்டில் வந்து மறுபடி நிறுத்துப் பார்க்கிறவள் அவள். பதிவேட்டில் இருப்பதைக் கல்லறையில் பார்த்தால்தான் நம்புவாள். கல்லறையில் இருப்பதைப் பதிவேட்டில் பார்த்தால்தான் நம்புவாள்.

போன வருடம் மாசி மாதம் இங்கிலாந்திலிருந்து ஹில்டா என்ற அம்மாள் எழுதினாள். எழுபது தாண்டியவள். கடலோரச் சிற்றூர் ஒன்றில், மகள், பேத்தியோடு இருக்கிறாள். அவளுடைய கொள்ளுப்பாட்டிதான் ஆக்னஸ்.

ஆக்னஸ் கல்யாணத்துக்கென்றே கப்பலேறி வந்த பெண். உப்பு இலாகா அதிகாரி ஜேம்ஸ் பெல்லமியைத் தூத்துக்குடியில் கட்டிக்கொண்டாள். வேம்பார் உப்பளத்துப் பங்களாவில் குடித்தனம். முதலில் மூன்று ஆண் பிள்ளைகள், கடைசியில் ஒரு பெண். அத்தனையையும் அந்த மண்ணிலேயே பறிகொடுத்தாளாம். கணவனும் போய்விட்டான். முத்துக்குளிக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடிய வருடம், அந்தக் கூட்டத்தில் கிளம்பிய காலரா அவனைக் கொண்டுபோனது. ஆக்னஸ் தன்னந்தனியாக ஊர் திரும்பினாள். மறுபடி கல்யாணம், ஒரு மகன், எண்பது வயதுவரை ஆயுசு. அந்த மகன் வழியில் வந்தவள்தான் ஹில்டா.

ஆக்னஸின் கல்லறை ஹில்டாவின் ஊரில் இருக்கிறது. அதில் நாலு பிள்ளைகளின் பேரும் வெட்டியிருக்கிறது. நாலாவது பேர் லூயிசா. ஆறு வயது. 'வேம்பாரில் இறந்தாள்.'

'அந்த நாலு பிள்ளைகளும் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்' என்று ஹில்டா எழுதினாள். 'டாக்டர்கள் எனக்கு ரொம்ப நாள் சொல்லவில்லை. நான் போவதற்குள் அங்கே ஒரு கல் நட வேண்டும்.'

ஜெயஷீலா மறுநாளே தூத்துக்குடியில் உள்ள பழைய ஆங்கிலேயர் கோயிலுக்குப் போனாள். ஆபீஸ் குமாஸ்தா தங்கையா அவளுக்கு நன்றாகத் தெரிந்தவர். பேரைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பெல்லமியா? அந்தப் புஸ்தகத்த நேத்துதான டீச்சர் எடுத்தேன்."

"யாருக்கு?"

"ஒரு வயசான அம்மா. மத்தியானம் நான் பூட்டப் போற நேரத்துல வந்து நிக்காவ. வாசிக்கத் தெரியாதாம். என்னைய வாசிக்கச் சொன்னாவ."

ஜெயஷீலாவுக்குச் சுருக்கென்றது. ஹில்டாவின் கடிதம் வந்ததே நேற்றுதான்.

"என்ன கேட்டாங்க அண்ணாச்சி?"

"ஒண்ணே ஒண்ணுதான். 'லூயிசா செத்ததா எழுதியிருக்கா?' இல்லன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாவ."

"வெள்ளைக்காரங்களா?"

தங்கையா யோசித்தார். "செகப்புதான். ஆனா பேச்சு நம்ம பேச்சு. ஒரு கண்ணுல பூ விழுந்திருந்துச்சு."

ஜெயஷீலா பதிவேட்டைத் திறந்தாள். பெல்லமி வீட்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கும் ஞானஸ்நானம் எழுதியிருந்தது. ஆண் பிள்ளைகள் மூன்று பேரை அடக்கம் செய்ததும் இருந்தது. லூயிசாவின் அடக்கம் இல்லை. முன்னும் பின்னும் பல வருடங்களைப் புரட்டினாள். இல்லை.

தாளில் ஏதோ நெறுநெறுவென்று பட்டது. விரலைப் பார்த்தாள். வெள்ளைப் பொடி. பழைய தாள்தானே, பூச்சி அரித்திருக்கும் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து ஜேம்ஸ் பெல்லமியின் கல்லறை. அது தூத்துக்குடியிலேயே, பழைய கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. காவல்காரர் கதவைத் திறந்துகொண்டே, "இன்னைக்கும் கழுவணுமா?" என்று கேட்டார்.

"எதைக் கழுவணும்?"

"நேத்து ஒரு ஆச்சி வந்து கழுவிட்டுப் போச்சுல்லா? நீங்க அனுப்பின ஆளுன்னு நெனச்சேன்."

சுற்றிலும் இருந்த கல்லறைகள் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தன. ஜேம்ஸ் பெல்லமியின் கல் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. கிட்டே போய்த் தொட்டாள். சுண்ணாம்பு இல்லை. உப்பு. கடல் தண்ணீரை ஊற்றி, அது காய்ந்து, பொரிந்து நின்றது.

அன்றைக்கு ஜெயஷீலாவுக்கு வந்தது பயம் இல்லை. கோபம். ஊரில் இதே வேலையைச் செய்கிறவர் இன்னொருவர் உண்டு, முத்துமணி. வெள்ளைக்காரர்கள் வந்தால் ஊர் சுற்றிக் காட்டுகிறவர். போன் போட்டாள்.

"பெல்லமி குடும்பத்துக்கு ஆள் அனுப்பியிருக்கீங்களா?"

"யாரு பெல்லமி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரிப் பேசாதீங்க. ஒரு அம்மாவை முன்னால அனுப்பி விசாரிக்கீங்க."

"டீச்சர், நான் ஒரு மாசமா சென்னையில மக வீட்டுல கெடக்கேன். கால்ல கட்டு."

அவள் நம்பவில்லை. ஹில்டாவுக்கு எழுதினாள். 'என்னைத் தவிர வேறு யாரிடமும் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறீர்களா?' பதில் உடனே வந்தது. கொஞ்சம் சூடாகவே வந்தது. 'இல்லை. ஆக்னஸைப் பற்றி உங்களைத் தவிர இந்தியாவில் யாருக்கும் நான் எழுதியதில்லை.'

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஜெயஷீலா முடிவு கட்டினாள். அப்படியானால் வேம்பாருக்கு நாம் முதலில் போய்விட வேண்டும். மறுநாள் காலையிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆனால் பஸ் வழியில் பழுதாகி, அடுத்த பஸ் பிடித்து, வேம்பாருக்கு முன்னால் உப்பளத்து ஓரம் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

உப்பள வேலைக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். விடியும் முன்பே வந்து, வெயில் ஏறியதும் போய்விடுகிறவர்கள். இசக்கிசெல்வி என்ற பெண் மட்டும் தலைச்சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வெள்ளைக்காரக் கல்லறை எங்க இருக்கு?"

இசக்கிசெல்வி வெயிலைப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில வாங்களேன்."

"ஏன்?"

"வெயிலு."

"வெயில் எனக்குப் பழக்கம்தான். காட்டு."

பாத்திகளுக்கு நடுவில் உள்ள வரப்பில் கொஞ்ச தூரம் கூட்டிப்போனாள். ஓர் இடத்துக்கு மேல் கால் எடுத்து வைக்க மாட்டேன் என்றாள். தூரத்தில் ஒரு மேட்டையும், இடிந்த சுவரையும் கை காட்டினாள்.

"நீயும் வாயேன்."

"நான் இங்கனயே நிக்கேன்."

இவளும் எதையோ மறைக்கிறாள் என்று ஜெயஷீலா நினைத்தாள். அந்தக் கிழவி இவளையும் சரிக்கட்டியிருப்பாள்.

மேட்டின்மேல் சுவருக்குள் மூன்று சின்னக் கல்லறைகள். தொட்டில் அளவுதான். மூன்று ஆண் பிள்ளைகளின் பேரும் எழுத்துப் பொரிந்து தெரிந்தன. நாலாவதைத் தேடினாள். முள்ளை விலக்கிப் பார்த்தாள். நாலாவதற்கு இடமே விடவில்லை. மூன்றாவதை ஒட்டியே சுவர்.

படம் எடுக்கக் குனிந்தாள்.

"கெடச்சிட்டா?"

நிமிர்ந்தாள்.

இடிந்த சுவரின்மேல் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. வெயிலில் வாட்டி எடுத்தது போன்ற சிவந்த தோல். முகம் நிறைய அம்மைத் தழும்பு. இடது கண்ணில் பூ.

வரும்போது அங்கே யாரும் இல்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திதான். ஒரு காகம் வந்தால்கூடத் தெரியும்.

"கோயிலுக்கு வந்தது நீங்கதானா?" என்று கேட்டாள் ஜெயஷீலா.

"ஆமா."

"யாரு அனுப்பினா?"

"யாரு அனுப்புவா? நானாத்தான் போனேன்."

"இந்தக் குடும்பத்துக்கு நீங்க என்ன வேணும்?"

கிழவி மூன்று கல்லறைகளையும் பார்த்தாள்.

"நாலாவது குழி தேடாத. வெட்டல."

"அப்ப லூயிசா?"

"பெரியம்மை போட்டுக் கெடந்தா. பொழைக்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டான். கப்பல் காத்துக் கெடக்கு. இத விட்டா அடுத்த கப்பல் எப்பவோ. ஆக்னஸ், உப்பு வாருத ஒருத்தி மடியில பிள்ளையப் போட்டா. பொதைக்கதுக்கு ஒரு வெள்ளத் துணி குடுத்தா. போயிட்டா."

"உயிரோடவா?"

"மூச்சு இருந்துச்சுல்லா."

ஜெயஷீலாவுக்கு அப்போதும் பயம் வரவில்லை. நூற்று முப்பது வருடமாக எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விஷயம் கையில் வந்து விழுந்த பரபரப்பு.

"பிறகு?"

"பிள்ள கண்ண முழிச்சிட்டு. அம்மா எங்கன்னு கேட்டுச்சு."

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

"சொல்ல யாரு இருக்கா?" கிழவி சுவரிலிருந்து இறங்கினாள். "நான் சொல்லிட்டேன்லா. இப்ப நீ சொல்லு. ஆக்னஸ் எங்கன கெடக்கா?"

ஜெயஷீலா போனில் ஹில்டா அனுப்பிய கல்லறைப் படத்தைக் காட்டினாள். கிழவி கிட்டே வந்தாள். கடல் வாடை இல்லை. பாத்தியில் தண்ணீர் வற்றும்போது எழும் கசப்பு வாடை.

"வாசி."

ஜெயஷீலா வாசித்தாள். மூன்று பேர். பிறகு நாலாவது.

"செத்துட்டான்னா எழுதியிருக்கா?"

"அப்படித்தான் வெட்டியிருக்கு."

பாத்தியில் உப்பு விளைகிற சத்தம் கேட்டது. கிர்... கிர்... மெல்லிய சத்தம். அப்போது அது நாலா பக்கமும் கேட்டது.

"அவளுக்குப் பொறவு யாரு இருக்கா?"

"கொள்ளுப் பேத்தி. ஹில்டா."

"அவளுக்கு?"

"ஒரு மக. அந்த மகளுக்கு ஒரு பொண்ணு."

"எத்தன வயசு?"

"ஆறு."

"ஆறா..." கிழவி சிரித்தாள்.

"எங்கன இருக்காவ?"

வேலை கொடுத்தவர்களின் விலாசத்தை ஜெயஷீலா கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ஏன் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. வாய் தானாகத் திறந்தது. வீட்டின் பெயர்... தெரு... ஊர்... நாடு.

கிழவி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது போல.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள்.

அந்த ஊர்ப் பெயரைக் கிழவி உச்சரித்த விதம்தான் ஜெயஷீலாவை உலுக்கியது. இவளைவிடச் சுத்தமாக உச்சரித்தாள். வெள்ளைக்காரப் பிள்ளை சொல்வதைப் போல.

"அக்கா! அக்கா!"

வரப்பிலிருந்து இசக்கிசெல்வி கத்தினாள். ஜெயஷீலா திரும்பினாள்.

மறுபடி பார்த்தாள்.

யாரும் இல்லை.

கிழவி நின்ற இடத்தில் மண் ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

வெள்ளையாக.

ஓட்டமும் நடையுமாக வரப்புக்கு வந்தாள். இசக்கிசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை குளிர்ந்திருந்தது.

"யாருகிட்ட பேசிட்டு நின்னிய?"

"அந்தக் கிழவிகிட்ட."

"எனக்கு நீங்க மட்டுந்தான் தெரிஞ்சிய." பிறகு ஜெயஷீலாவை ஊருக்குள் கூட்டிப்போய், கத்தோலிக்கக் கோயிலில் உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்ற சூசைமரியான் வீட்டில் விட்டாள்.

சூசைமரியான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூ விழுந்த கண் என்று ஜெயஷீலா சொன்னதுமே தட்டில் கை கழுவிவிட்டார்.

"லூசியாம்மாவப் பாத்தியளோ?"

"யாரு லூசியாம்மா?"

"நான் சின்னப் பையனா இருக்கையில செத்துப்போனாவ. அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு. உப்பு வாருத ஒரு பொம்பள எடுத்து வளத்த வெள்ளைக்காரப் பிள்ளைன்னு சொல்லுவாவ. லூயிசாங்கிற பேரு ஊரு வாயில லூசியா ஆயிட்டு. ஆயுசு பூரா உப்பளத்துலதான் கெடந்தாவ. பகல் உச்சியில கரைக்குப் போயிருவாவ. தோணிக்காரன் ஒருத்தன விடமாட்டாவ. 'என்னைய எங்க அம்மைகிட்டக் கொண்டுபோய் விடு'ன்னு அழுவாவ. கெழவியான பொறவும் அப்படித்தான்."

"யாரும் கூட்டிட்டுப் போகலையா?"

"கொழும்புக்குப் போற தோணியில ரெண்டு தடவ ஏத்திக்கிட்டாவ. அங்க எறங்கி எங்க போவாவ? ஊரு பேரு தெரியாது. தெரு தெரியாது. திரும்பக் கொண்டாந்து விட்டுட்டாவ."

சூசைமரியான் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வெலாசம் மட்டும் தெரிஞ்சிருந்தா, என்னைக்கோ போயிருப்பாவ."

ஜெயஷீலா எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கிருபாநிதி திறந்துவிட்ட கதவின் அருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். ஹில்டாவுக்குச் சொல்லிவிடு என்றார் அவர். எழுதினாள். அழித்தாள். எதை எழுதுவது? உங்கள் வீட்டு விலாசத்தைச் செத்தவளிடம் கொடுத்துவிட்டேன் என்றா?

மூன்று கல்லறைப் படங்களை மட்டும் அனுப்பினாள். ஹில்டா நன்றி என்று எழுதினாள். அதோடு நின்றது.

அந்த வாரக் கடைசியில், சாயந்தரம் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. ஹில்டா குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அந்த ஊரில் அப்போது உச்சிப்பொழுது.

முதலில் ஹில்டாவின் குரல். 'தொந்தரவுக்கு மன்னியுங்கள். என் பேத்தி இரண்டு நாளாகத் தோட்டத்தில் நின்று யாரோடோ பேசுகிறாள். யாரும் இல்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். இது என்ன பாஷை? உங்கள் பாஷையா?'

பிறகு காற்றுச் சத்தம். கடல் சத்தம். கடைசியில் ஒரு சின்னப் பெண்ணின் குரல். ஆறு வயது. தூத்துக்குடியைப் பார்த்தே இராத பிள்ளை. தெள்ளத் தெளிவாகச் சொன்னது.

"கப்பல் போயிட்டா?"

"கப்பல் போயிட்டா?"

ஜெயஷீலா உடனே கூப்பிட்டாள். ஹில்டா எடுத்தாள். போனைப் பிள்ளையிடம் கொடுங்கள் என்றாள் ஜெயஷீலா. ஏன் என்று ஹில்டா கேட்டாள். கொடுங்கள், தயவுசெய்து.

மறுமுனையில் மூச்சுச் சத்தம்.

"லூசியாம்மா..." ஜெயஷீலா கத்தினாள். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிக் கத்தியதே இல்லை. "லூசியாம்மா, அது பச்சப் பிள்ள. ஒரு பாவமும் அறியாது. பிள்ளைய விட்டுருங்க!"

மூச்சு நின்றது.

கிருபாநிதி பக்கத்தில் நின்றார். அவரும் கேட்டார். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்தப் பிஞ்சுக் குரல் மெதுவாகப் பதில் சொன்னது.

"என்னையும் இப்படித்தான் விட்டா."

தொடர்பு அறுந்தது.

அதன்பிறகு ஹில்டாவின் எண் வேலை செய்யவில்லை. வெகுநாள் கழித்து அவள் மகளிடமிருந்து சின்னக் கடிதம் ஒன்று வந்தது. அம்மா இறந்துவிட்டாள். கடலோர வீட்டைக் காலி செய்துவிட்டு உள்நாட்டுப் பக்கம் வந்துவிட்டோம். கல் எதுவும் வைக்கப் போவதில்லை. இனி எங்களுக்கு எழுத வேண்டாம். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெயஷீலாவும் கேட்கவில்லை. கேட்டு எழுதினால் புது விலாசம் வந்துவிடுமோ என்ற பயம். அன்றோடு அந்தத் தொழிலையும் விட்டுவிட்டாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் கணவனும் மனைவியும் நினைத்தார்கள்.

இந்த வருடம் பொங்கல் கழித்து ஒரு போன் வந்தது. இசக்கிசெல்வி. உபதேசியாரிடம் நம்பர் வாங்கினாளாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அக்கா, அன்னைக்கு உங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டேன். எங்க அம்மை காலத்துல இருந்தே உச்சி வெயில்ல அந்தப் பக்கம் ஒருத்தரும் போறதில்ல. சின்னப் பிள்ளைகளக் கிட்டயே விடமாட்டோம். பிள்ளைகளப் பாத்தா கையப் பிடிச்சுக் கூப்பிடும். எங்க சின்னம்மை மக ஒருத்தி அது கூடப் போயி, கடல்லதான் கெடச்சா."

ஜெயஷீலா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வந்துட்டுப் போன நாள்ல இருந்து ஒண்ணுமே இல்லக்கா. இப்ப எங்க பிள்ளைக அந்த மேட்டுலதான் விளையாடுது. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எங்கன கொண்டுபோய் விட்டியளோ... நீங்க நல்லா இருப்பிய."